முதலில் பிரஷ், அப்புறம் ஃபீடர்

மார்ச் பிறந்ததும் அமெரிக்கக் கடைகளில், ஹம்மிங்பேர்டு என்ற சின்னஞ்சிறு குருவிக்குச் சர்க்கரைத் தண்ணீர் ஊற்றித் தொங்கவிடும் சிவப்பு நிற ஃபீடர்கள் வரிசை கட்டிவிடும். பக்கத்து அலமாரியிலேயே ரத்தச் சிவப்பில் சாயத் தண்ணீர் பாட்டிலும் இருக்கும். ஆசையாக இரண்டையும் வாங்கி வந்து, நல்ல வெயில் விழும் இடமாகப் பார்த்து மாட்டுகிறவர்கள் இரண்டே வாரத்தில் வளர்த்து முடிப்பது எறும்புப் படையையும் கறுப்புப் பூஞ்சையையும்தான். குருவி ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கும். "எங்க ஏரியாவுக்கு அதெல்லாம் வராதுங்க" என்ற முடிவோடு ஃபீடர் கராஜுக்குள் போய்விடும்.

வராத ஏரியா அநேகமாகக் கிடையாது. ஹவாய் நீங்கலாக எல்லா மாநிலங்களிலும் ஏதாவது ஓர் இனம் கோடையில் தலைகாட்டுகிறது. ஃபீடர் மாட்டுவது பத்து நிமிட வேலை. அதைத் தொடர்ந்து கழுவுவதுதான் உண்மையான வேலை. பால் காய்ச்சிய பாத்திரத்தைக் கழுவாமல் மறுநாள் அதிலேயே பால் ஊற்றுவோமா? ஃபீடருக்கும் அதே கணக்குதான். இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை கழுவ முடியாது என்று தோன்றினால் ஃபீடர் வாங்க வேண்டாம், செடி வையுங்கள். அதைப் பற்றிக் கீழே விரிவாகவே இருக்கிறது.

எந்த ஊரில் எது, எப்போது

ஹம்மிங்பேர்டு அமெரிக்கக் கண்டங்களுக்கு மட்டுமே உரிய குடும்பம். 350க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. தமிழ்நாட்டில் செம்பருத்தியைக் குடைகிற தேன்சிட்டு முற்றிலும் வேறு குடும்பம். அது பெரும்பாலும் காம்பில் உட்கார்ந்து குடிக்கும். இது அந்தரத்தில் நின்றே குடிக்கும், பின்பக்கமாகவும் பறக்கும்.

நியூ ஜெர்சி, வர்ஜீனியா, ஜார்ஜியா, மிச்சிகன் என மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே எங்கிருந்தாலும் அடையாளம் காணும் தலைவலி இல்லை. அங்கே கூடு கட்டும் இனம் ஒன்றே ஒன்று: ரூபி-த்ரோட்டட். எடை சுமார் 3 கிராம். தெற்கு மெக்ஸிகோவிலிருந்து பனாமா வரையுள்ள பகுதியில் குளிர்காலத்தைக் கழித்துவிட்டு, பல குருவிகள் மெக்ஸிகோ வளைகுடாவின் 800 கிலோமீட்டரை நிற்காமல் தாண்டி வருகின்றன. வளைகுடாக் கரையோரம் பிப்ரவரி கடைசியிலேயே முதல் குருவிகள் வந்துவிடும். நியூ ஜெர்சிப் பக்கம் ஏப்ரல் பிற்பாதி, மிச்சிகனிலும் நியூயார்க்கின் வடபகுதியிலும் மே தொடக்கம். ஆண்கள் முன்னால் வந்து இடம் பிடிக்கும், பெண்கள் பின்னால் வரும்.

டெக்ஸஸில் கிழக்கே ரூபி-த்ரோட்டட், மேற்கே பிளாக்-சின்ட். ஆஸ்டின் சுற்றுவட்டாரத்தில் இரண்டையும் பார்க்கலாம். கொலராடோவில் பிராட்-டெய்ல்ட். அதன் ஆண் பறக்கும்போது இறகிலிருந்து ஒரு கிணுகிணு ஓசை எழும், குருவி கண்ணில் படுவதற்கு முன்பே காதில் விழும். ஜூலையில் அங்கே ரூஃபஸ் என்ற சண்டைக்கார இனமும் வந்து சேர்ந்தால் ஃபீடர் போர்க்களம்தான். கலிஃபோர்னியாவின் சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் இருப்பவர்களுக்கு ஆன்னாஸ் வருடம் முழுக்க உண்டு. 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் தெற்குக் கலிஃபோர்னியாவோடும் மெக்ஸிகோவின் வடக்கு பாஹாவோடும் நின்றிருந்த இனம் இது. வீட்டுத் தோட்டங்களில் வைத்த வெளிநாட்டுப் பூச்செடிகளையும் ஃபீடர்களையும் பிடித்துக்கொண்டு இன்று சியாட்டில், வான்கூவர் வரை குளிர்காலத்திலும் குடியிருக்கிறது. ஒரே ஊரில் பல இனங்கள் பார்க்க ஆசை என்றால் தென்கிழக்கு அரிசோனாதான். பாட்டகோனியா ஊரில் ஹம்மிங்பேர்டுகளுக்கென்றே பேட்டன் மையம் என்று ஒன்று இருக்கிறது. ஒரு வீட்டுக் கொல்லையாக இருந்த இடத்தை டூசான் பேர்ட் அலையன்ஸ் (முன்பு டூசான் ஆடுபன் சங்கம்) நடத்துகிறது.

உங்கள் ஊருக்குக் குருவி வரும் நாளுக்கு ஒரு வாரம் முன்பு ஃபீடர் தயாராக இருந்தால் போதும். ஜர்னி நார்த் தளத்தின் வரைபடத்தில் ஒவ்வொரு வசந்தத்திலும் முதல் குருவி பார்த்த இடங்கள் புள்ளிகளாக வடக்கே நகர்ந்துகொண்டு வரும். அதைப் பார்த்து மாட்டுங்கள்.

சர்க்கரைத் தண்ணீர்

ஒரு பங்கு வெள்ளைச் சர்க்கரை, நாலு பங்கு தண்ணீர். அளவு கொள்ளளவில். எந்த டம்ளரானாலும் பரவாயில்லை, இரண்டையும் அதே டம்ளரால் அளக்க வேண்டும். அமெரிக்கக் கப் கணக்கில் ஒரு கப் சர்க்கரை 200 கிராம், நாலு கப் தண்ணீர் கிட்டத்தட்ட 950 மில்லி. எடைக்கு எடை பார்த்தால் 17, 18 சதவீதக் கரைசல். குளிரும் மழையுமான நாட்களில் ஒன்றுக்கு மூன்று என்று கூட்டலாம். அதற்கு மேல் வேண்டாம்.

நம் சமையலறையில் அதிகம் நடக்கும் பிழை இங்கேதான். வெள்ளைச் சர்க்கரை கெடுதல், நாட்டுச் சர்க்கரை நல்லது என்று நமக்குப் பழகிப்போயிருக்கிறது. குருவி விஷயத்தில் அந்தக் கணக்கைத் தலைகீழாகப் போட வேண்டும். நாட்டுச் சர்க்கரை, வெல்லம், கருப்பட்டி, பழுப்புச் சர்க்கரை, ஆர்கானிக் என்ற பெயரில் வரும் இளம்பழுப்புச் சர்க்கரை எதுவும் ஆகாது. அவற்றில் தங்கியிருக்கும் இரும்புச்சத்துதான் காரணம். பூந்தேனில் இரும்பு மிகக் குறைவு, அதற்குப் பழகிய உடம்பு கூடுதல் இரும்பை வெளியேற்ற முடியாமல் சேர்த்துக்கொள்ளும். தேனும் கூடாது. தண்ணீர் கலந்த தேன் சீக்கிரம் புளித்துப் பூஞ்சை பிடிக்கும். பொடித்த ஐசிங் சர்க்கரையில் சோள மாவு கலந்திருக்கும். ஸ்டீவியா போன்ற இனிப்பூட்டிகளில் குருவிக்கு வேண்டிய கலோரியே இல்லை, வயிறு நிரம்பும், உயிர் பிழைக்காது.

சிவப்புச் சாயம் தேவையே இல்லை. ஃபீடரின் சிவப்பு மூடி தூரத்திலிருந்து கண்ணில் பட்டால் போதும், உள்ளே இருக்கும் தண்ணீர் நிறமில்லாமல் இருப்பதே நல்லது. அது கலங்கும்போது உங்களுக்கும் தெரியும். சாயம் போட்ட தண்ணீரில் அந்தக் கலங்கல் மறைந்துவிடும்.

கொதிக்க வைக்க வேண்டுமா என்று பலர் கேட்பார்கள். அன்றைக்கே ஊற்றுவதானால் சர்க்கரை கரையும் அளவுக்குச் சூடான நீர் போதும். முதல் குருவி அலகை வைத்த கணமே கிருமி உள்ளே போய்விடுகிறது, கொதிக்க வைத்த பலன் அதோடு சரி. ஃபிரிட்ஜில் எடுத்து வைப்பதானால் ஒரு கொதி விட்டு, ஆறவைத்து, மூடி வையுங்கள். ஒரு வாரம் கவலையில்லை. சுண்டக் காய்ச்சினால் நீர் வற்றி விகிதம் மாறிவிடும், பாகுப் பதமெல்லாம் பார்க்கத் தேவையில்லை.

எந்த ஃபீடர்

சந்தையில் இருப்பவை அடிப்படையில் இரண்டு வகை. ஒன்று, தலைகீழாகக் கவிழ்த்த பாட்டில். மேலே உருவாகும் வெற்றிடம் திரவத்தைப் பிடித்து நிறுத்தும். பார்க்க அழகு, வேலை அதிகம். பாதி காலியான பாட்டிலில் வெயில் பட்டால் மேலே இருக்கும் காற்று விரிந்து தண்ணீரைத் துளைகள் வழியாகக் கீழே தள்ளும். சொட்டிய இடத்துக்கு எறும்பும் குளவியும் வரும். "லீக் ஆகுது" என்று திருப்பிக் கொடுக்கப்படும் ஃபீடர்களில் பல உண்மையில் ஓட்டையே இல்லாதவை. வெயிலில் மாட்டியதுதான் குற்றம். இந்த வகையே கையில் இருந்தால் நிழலில் மாட்டி, விளிம்புவரை நிரப்பி, காற்றிடம் குறைவாக வைத்துக்கொள்ளுங்கள்.

மற்றது, தட்டையான தட்டு. மேலே மூடி, மூடியில் துளைகள், திரவம் கீழே தாழ்வாகக் கிடக்கும். சொட்டாது. குருவியின் நாக்கு அலகைத் தாண்டி நன்றாக நீளும் என்பதால் அதற்கு எட்டும், குளவிக்கு எட்டாது. இரண்டு துண்டாகக் கழன்று, விரல் நுழையாத மூலையே இல்லாமல் கழுவ முடியும். புதிதாக வாங்குகிறவர்களுக்குத் தட்டு வகைதான், சந்தேகமே வேண்டாம். கடையில் நின்று பார்க்கும்போது ஒரே ஒரு சோதனை: இதன் உட்புறம் முழுவதையும் பிரஷ் தொடுமா? தொடாது என்றால் கீழே வையுங்கள். கையால் ஊதிய வண்ணக் கண்ணாடிக் குடுவைகள் பெரும்பாலும் இந்தச் சோதனையில் தோற்றுவிடும்.

பெரிய ஃபீடர் வேண்டாம். ஒரு லிட்டர் கொள்ளும் பாட்டிலை நிரப்பினால் ஒன்றிரண்டு குருவிகள் குடித்துத் தீர்ப்பதற்குள் கெட்டுவிடும். தொடக்கத்தில் 100 முதல் 150 மில்லி ஊற்றினாலே அதிகம். ஆகஸ்டில் கூட்டம் வந்தால் அப்போது கூட்டிக்கொள்ளலாம். துளையைச் சுற்றி மஞ்சள் பூ ஒட்டிய மாடல்களைத் தவிர்க்கவும். மஞ்சள் நிறம் குளவியையும் தேனீயையும் இழுக்கும். ஏற்கெனவே வாங்கிவிட்டிருந்தால் அந்தப் பூக்களைக் கழற்றி எறிந்துவிடலாம்.

கழுவும் கணக்கு

பகல் வெப்பம் 90 ஃபாரன்ஹீட்டைத் தாண்டினால் தினமும் மாற்ற வேண்டும். 80களில் இரண்டு நாளைக்கு ஒருமுறை, 70களில் மூன்று நாள், 60களில் ஐந்து நாள் வரை தாங்கும். குடித்திருக்கிறதோ இல்லையோ, மாற்றத்தான் வேண்டும். "இன்னும் அப்படியே இருக்கே" என்று மிச்சத்தின் மேலேயே ஊற்றி நிரப்புவதுதான் மிகப் பெரிய தப்பு. பழைய தண்ணீரில் இருக்கும் ஈஸ்ட் புதியதையும் கெடுத்துவிடும். கெட்ட தண்ணீர் குருவியின் நாக்கிலும் வாயிலும் பூஞ்சைத் தொற்றைக் கொண்டுவரக்கூடும். நாக்கு வீங்கினால் குருவியால் குடிக்க முடியாது. இந்த உடம்புக்குச் சில மணி நேரப் பட்டினியே ஆபத்து.

ஒவ்வொரு தடவையும் வெந்நீரும் பிரஷ்ஷும் போதும். தட்டுக்கு ஒரு சாதாரணப் பிரஷ், துளைகளுக்குக் குழாய் துடைக்கும் மெல்லிய கம்பிப் பிரஷ். வாரம் ஒருமுறை ஒரு பங்கு வெள்ளை வினிகருக்கு இரண்டு பங்கு தண்ணீர் கலந்து ஒரு மணி நேரம் ஊறவைத்துத் தேய்க்கலாம். கறுப்புப் புள்ளி தெரிந்தால் பூஞ்சை. ஒரு கேலன் தண்ணீருக்குக் கால் கப் பிளீச் கலந்து ஒரு மணி நேரம் ஊறவைத்து, வாசனை போகும்வரை அலசி, முழுக்கக் காயவைத்த பிறகே நிரப்புங்கள். வினிகரையும் பிளீச்சையும் ஒருபோதும் சேர்க்காதீர்கள், குளோரின் வாயு வெளிவரும். மூடிக்கு அடியில் ரப்பர் வளையம் இருந்தால் அதை உருவி எடுத்துத் தனியாகக் கழுவ வேண்டும். பூஞ்சை முதலில் ஒளிவது அங்கேதான்.

ஃபீடர் இரண்டு வாங்கி வைத்துக்கொண்டால் பாதி வேலை குறையும். ஒன்று வெளியே தொங்கும்போது மற்றது கழுவிக் காய்ந்துகொண்டிருக்கும்.

எங்கே மாட்டுவது

காலை வெயில் பரவாயில்லை, மதிய வெயில் கூடாது. தரையிலிருந்து ஐந்தடி உயரம் கழுவுகிறவர் கைக்கும் வசதி, பூனைக்கும் எளிதில் எட்டாது. பக்கத்தில் பத்துப் பதினைந்து அடி தூரத்தில் ஒரு மரமோ புதரோ இருந்தால் நல்லது. குருவி ஃபீடரில் செலவழிப்பது சில விநாடிகள்தான். மற்ற நேரமெல்லாம் இலையில்லாத ஒரு குச்சியின் நுனியில் உட்கார்ந்து காவல் பார்க்கும்.

கண்ணாடி ஜன்னல்தான் பெரிய எமன். ஃபீடர் ஜன்னலிலிருந்து மூன்றடிக்குள் இருக்க வேண்டும், அல்லது முப்பதடிக்கு அப்பால் இருக்க வேண்டும். மூன்றடிக்குள் இருந்தால் கிளம்பி மோதினாலும் வேகம் எடுத்திருக்காது. நடுத்தூரம்தான் கொல்லும். கண்ணாடியின் வெளிப்பக்கம் இரண்டு அங்குல இடைவெளியில் புள்ளிகளோ கோடுகளோ ஒட்டினால் பாதுகாப்பு. பருந்துப் படம் ஒன்றே ஒன்று ஒட்டிவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் பலர், அதனால் பயனில்லை.

அபார்ட்மென்ட் பால்கனியிலும் தாராளமாக மாட்டலாம். மூன்றாவது மாடிக்குக்கூட வரும். முதல் சில நாட்கள் பக்கத்தில் பூத்த சிவப்புச் செடி ஒன்றைத் தொட்டியில் வைத்தால் கண்டுபிடிப்பது எளிது. கீழ் பால்கனிக்காரருக்குச் சொட்டாமல் இருக்கத் தட்டு வகைதான் உத்தமம்.

இன்னொரு சிக்கல் கராஜில் வரும். கராஜ் கதவின் அவசரக் கயிற்றில் தொங்கும் கைப்பிடி பெரும்பாலும் சிவப்பு. பூ என்று நினைத்து உள்ளே வரும் குருவி, பயந்தால் மேலேதான் பறக்கும், கீழிறங்கிக் கதவு வழியாக வெளியே போகத் தெரியாமல் கூரையிலேயே முட்டிக்கொண்டு களைத்துவிடும். விளக்கை அணைத்து, கதவை முழுக்கத் திறந்துவிட்டு, வாசலில் ஃபீடரைத் தொங்கவிட்டு, ஆட்கள் விலகி நின்றால் பெரும்பாலும் தானே வெளியேறும். அந்தக் கைப்பிடியில் கறுப்பு டேப் சுற்றிவிட்டால் பிரச்சினையே வராது.

எறும்பு, குளவி, கரடி

எறும்புக்கு எறும்பு அகழி: ஃபீடருக்கு மேலே கொக்கியில் தொங்கும் ஒரு சிறு கிண்ணம், அதில் வெறும் தண்ணீர். வெயிலில் வற்றும், நினைவாக நிரப்ப வேண்டும். கம்பியில் எண்ணெய், வாசலின் தடவும் யோசனையைக் கேட்காதீர்கள். இறகில் பட்டால் குருவியால் அதைச் சுத்தம் செய்ய முடியாது. எறும்பு மருந்தும் பக்கத்தில் வேண்டாம்.

குளவித் தொல்லை ஆகஸ்ட், செப்டம்பரில் உச்சத்துக்கு வரும். சொட்டுவதை நிறுத்துவதே முதல் மருந்து. அடுத்தது ஃபீடரைச் சில அடிகள் தள்ளி மாட்டுவது. குருவி உடனே கண்டுபிடிக்கும், குளவிக்குச் சற்று நேரமாகும். அதற்கும் மசியாவிட்டால் சில நாட்களுக்கு ஒன்றுக்கு ஐந்து என்று நீர்க்கச் செய்து பாருங்கள்.

பெரிய பச்சைக் கும்பிடுபூச்சி ஃபீடரில் அசையாமல் தொங்கினால் ரசித்துக்கொண்டு நிற்காதீர்கள். அது ஹம்மிங்பேர்டைப் பிடித்துத் தின்னும். மெல்ல எடுத்துத் தோட்டத்தின் மறுகோடியில் விட்டுவிடுங்கள்.

காலையில் ஃபீடர் காலியாகக் கிடந்தால் இரவு விருந்தாளி வந்திருக்கிறது என்று பொருள். பெரும்பாலும் ரக்கூன். தெற்கு அரிசோனாவில் கோடை முடிவில் என்றால் பூந்தேன் குடிக்கும் வௌவால்கள், அவற்றைப் பார்க்கவே ஊர் ஊராக ஆட்கள் வருவார்கள். மலைப்பகுதியில் கரடி. கரடி நடமாட்டமுள்ள ஊரில் பொழுது சாய்ந்ததும் ஃபீடரை வீட்டுக்குள் எடுத்துவிட வேண்டும். மாட்டவே வேண்டாம் என்று மாநில வனவிலங்குத் துறை சொல்லும் மாதங்களில் மாட்டாதீர்கள். ஒருமுறை ருசி கண்ட கரடி திரும்பத் திரும்ப வரும், கடைசியில் உயிரை விடுவது கரடியாகத்தான் இருக்கும்.

ஒரே ஆண் குருவி ஃபீடரைத் தன் பட்டாவாக எழுதிக்கொண்டு மற்றவற்றை விரட்டுவது எல்லா வீட்டிலும் நடப்பது. ஒன்றையொன்று பார்க்க முடியாத இடங்களில், வீட்டின் முன்புறம் ஒன்று பின்புறம் ஒன்று என்று மாட்டினால் ஒரு ஆள் இரண்டையும் காவல் காக்க முடியாது. எதிர்வழியும் உண்டு. நாலைந்து ஃபீடர்களை ஒரே இடத்தில் நெருக்கமாக மாட்டினால் கூட்டம் அதிகமாகி அந்த ஆண் விரட்டி விரட்டிக் களைத்துவிடும். இது ஆகஸ்டில்தான் பலிக்கும்.

செடி வைத்தால்

ஃபீடர் இல்லாமல் செடியை மட்டும் நம்பும் தோட்டத்துக்கும் குருவி வரும். கழுவும் வேலையும் இல்லை. குருவி வந்து இறங்கும் நாளிலிருந்து கிளம்பும் நாள்வரை ஏதாவது ஒன்று பூத்துக்கொண்டே இருக்கும்படி தேர்ந்தெடுக்க வேண்டும்.

கிழக்குப் பகுதிக்கு: ஏப்ரல், மேயில் சிவப்பும் மஞ்சளுமாகத் தலைகுனிந்து பூக்கும் கனடா கொலம்பைன். குருவி வரும் நேரமும் அது பூக்கும் நேரமும் பெரும்பாலும் ஒன்று. அதற்கடுத்து ட்ரம்பெட் ஹனிசக்கிள் கொடி. நர்சரியில் லோனிசெரா செம்பர்விரென்ஸ் என்று கேட்டு வாங்குங்கள். ஜப்பானிய ஹனிசக்கிளைத் தந்துவிட்டால் அது வேலி தாண்டிக் காட்டையே மூடிவிடும். கோடை நடுவில் பீ பாம், இலையில் வெள்ளைப் பூஞ்சை படரும் என்பதால் நெருக்கமாக நடாமல் காற்றோட்டம் விடவும். ஜூலை கடைசியிலிருந்து கார்டினல் ஃபிளவர், கால் எப்போதும் ஈரத்தில் இருக்க வேண்டும், மேடான காய்ந்த நிலத்தில் வைத்தால் போய்விடும். செப்டம்பர் பயணக் குருவிகளுக்கு ஓடையோரம் தானாக முளைக்கும் ஜுவல்வீட் பெரிய தீனி, களை என்று பிடுங்காதீர்கள். ட்ரம்பெட் கிரீப்பர் கொடி குருவிக்குப் பிடிக்கும், ஆனால் வேரிலிருந்து முளைவிட்டுப் பரவும், சுவரில் ஏறும். இடம் நிறைய இருப்பவர்களுக்கு மட்டும்.

டெக்ஸஸ் வெயிலுக்கும் நிழலுக்கும் டர்க்ஸ் கேப்பை மிஞ்ச ஆளில்லை. செம்பருத்தியின் உறவு, விரியாமலே சுருண்டு நிற்கும் சிவப்புப் பூ, கோடை முழுக்கப் பூக்கும். கலிஃபோர்னியாவில் வசந்தத்துக்கு ஹம்மிங்பேர்டு சேஜ், மற்றதெல்லாம் காய்ந்து கிடக்கும் ஆகஸ்ட், செப்டம்பருக்குக் கலிஃபோர்னியா ஃபூஷியா. சியாட்டில், போர்ட்லண்ட் பக்கம் ரெட்-ஃபிளவரிங் கரன்ட் புதர் மார்ச்சில் பூக்கும்போதே ரூஃபஸ் வந்து சேரும்.

இடமில்லாதவர்களுக்குத் தொட்டியில் சால்வியா. அடுக்கு இதழ் கொண்ட அலங்கார வகைகள் வேண்டாம். பார்க்கக் கொழுகொழுவென்று இருந்தாலும் தேன் இருக்காது, இருந்தாலும் அலகு நுழையாது. நர்சரியில் பூச்சிமருந்து ஊட்டி வளர்த்த செடியா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பூச்சிமருந்து பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிட வேண்டும். சர்க்கரைத் தண்ணீர் வெறும் எரிபொருள்தான். புரதத்துக்குக் கொசு, பழ ஈ, சின்னச் சிலந்தி எல்லாம் வேண்டும். குஞ்சுக்கு அது கட்டாயம். மருந்தடித்துச் சுத்தமாக வைத்த தோட்டத்தில் ஃபீடர் மட்டும் தொங்கினால் குருவி அங்கே கூடு கட்டாது. கனிந்து கறுத்த வாழைப்பழத் தோலை ஒரு வலைப்பையில் போட்டு ஃபீடருக்குச் சற்றுத் தள்ளித் தொங்கவிட்டால் பழ ஈ மொய்க்கும், குருவி அந்தரத்தில் நின்று ஒவ்வொன்றாகக் கொத்தும். வாழைத்தோலுக்கு இதைவிட நல்ல செலவு இல்லை.

தண்ணீர்த் தொட்டி வைத்தால் இறங்காது, ஆழம் அதிகம். மெல்லிய சாரல் தெளிக்கும் குழாய் முனையை ஒரு புதரை நோக்கி வைத்தால் நனைந்த இலைமேல் புரண்டு குளிக்கும்.

கூடு

ஆணுக்குக் கூட்டு வேலையில் பங்கே இல்லை. பெண் தனியாகக் கட்டும், தனியாக அடைகாக்கும், தனியாக ஊட்டும். ரூபி-த்ரோட்டட் கூட்டின் குறுக்களவு சுமார் 5 சென்டிமீட்டர், ஆழம் 2.5 சென்டிமீட்டர். உள்ளே பஞ்சு, வெளியே பாசிபோல் ஒட்டிய லைக்கன், எல்லாவற்றையும் கட்டிப் பிடிப்பது சிலந்தி நூல். குஞ்சு வளர வளரக் கூடு நெகிழ்ந்து கொடுப்பது அதனால்தான். ஆகவே தாழ்வாரத்துச் சிலந்தி வலையைத் துடைப்பத்தோடு துரத்தாமல் வசந்தத்தில் கொஞ்சம் விட்டுவையுங்கள். முட்டை இரண்டு. இரண்டு வாரம் அடை, பிறகு மூன்று வாரத்தில் குஞ்சு பறந்துவிடும்.

"தாயைக் காணோம், குஞ்சு அநாதையாகிவிட்டது" என்ற பதற்றம் ஒவ்வொரு ஆண்டும் பலருக்கு வரும். குஞ்சுகளுக்கு இறகு முளைத்த பின் தாய் கூட்டில் உட்காருவதில்லை, வந்து சில விநாடிகளில் ஊட்டிவிட்டுப் போய்விடும். கண் சிமிட்டினால் தவறவிடுவீர்கள். ஒரு மணி நேரம் கண்ணை எடுக்காமல் பார்த்த பிறகும் வரவில்லை என்றால் மட்டும் உரிமம் பெற்ற வனவிலங்கு மீட்பாளரைக் கூப்பிடுங்கள். கூட்டை நகர்த்துவதும், காலிக் கூட்டை எடுத்து அலமாரியில் வைப்பதும்கூட 1918ஆம் ஆண்டின் வலசைப் பறவைகள் சட்டப்படி குற்றம். கலிஃபோர்னியாவில் ஆன்னாஸ் டிசம்பரிலேயே கூடு கட்டத் தொடங்கும், அங்கே குளிர்காலத்தில் மரம் வெட்டுவதற்கு முன் கிளைகளை உற்றுப் பார்க்க வேண்டும்.

பார்ப்பது, படம் எடுப்பது

ரூபி-த்ரோட்டட் ஆணின் தொண்டைச் சிவப்பு சாயமல்ல, இறகின் நுண்ணடுக்குகளில் பட்டுத் திரும்பும் ஒளி அலைகள் ஒன்றோடொன்று குறுக்கிட்டு எழும் நிறம். வெளிச்சம் உங்கள் முதுகுப்பக்கம் இருந்தால் தீயாகத் தெரியும், எதிர்ப்பக்கம் இருந்தால் கறுப்புதான். "தொண்டை கறுப்பாக இருந்தது, புது இனமோ?" என்ற கேள்விக்குப் பெரும்பாலும் விடை இதுவே. பெண்ணுக்குத் தொண்டை வெள்ளை, வால் ஓரத்தில் வெள்ளை முனைகள். ஆகஸ்டில் வெள்ளைத் தொண்டையில் இரண்டொரு சிவப்புப் புள்ளி மட்டும் இருந்தால் அது அந்த ஆண்டு பிறந்த ஆண்.

கோடையில் பூக்களை மொய்க்கும் "ஹம்மிங்பேர்டுக் குஞ்சு" ஒன்றைப் பலர் வீடியோ எடுத்து அனுப்புவார்கள். அது ஹாக் மாத் வகை அந்துப்பூச்சி. தலையில் இரண்டு உணர்கொம்பு இருக்கும். ஹம்மிங்பேர்டு கூட்டை விட்டு வரும்போதே கிட்டத்தட்ட முழு அளவு, குட்டி சைஸில் பறப்பதே கிடையாது.

பைனாகுலர் 8×42 போதும். பெருக்கத்தைவிட, இரண்டு மீட்டர் அருகிலும் குவியுமா என்று பார்த்து வாங்குங்கள். கேமராவில் 1/2000 விநாடியில் உடல் கூர்மையாக வரும், இறகு மங்கலாக இருக்கும். அந்த மங்கல்தான் அழகு என்பவர்கள் அதோடு நிறுத்தலாம். விநாடிக்கு 50 தடவைக்கு மேல் அடிக்கும் இறகை உறைய வைக்க 1/4000க்கு மேல் போக வேண்டும். ஃபீடரில் அலகு நுழைந்திருக்கும்போது படம் எடுக்காதீர்கள். குடித்துவிட்டு அலகை உருவி அரையடி பின்வாங்கி ஒரு கணம் நிற்கும், பொத்தானை அப்போது அமுக்குங்கள். கூட்டுக்குப் பக்கத்தில் ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம்.

நாக்கைக் கவனிக்க முடிந்தால் அது தனிச் சுவாரசியம். மெல்லிய குழாயில் நீர் தானாக ஏறுவதுபோலத்தான் உறிஞ்சுகிறது என்று வெகுகாலம் நம்பினார்கள். 2011இல் கனெக்டிகட் பல்கலைக்கழகத்தின் அலெஹாண்ட்ரோ ரிகோ-கெவாராவும் மார்கரெட் ரூபேகாவும் அதிவேகப் படம் எடுத்துக் காட்டியது வேறு: இரட்டையாகப் பிளந்த நுனி திரவத்துக்குள் போனதும் ஓரங்கள் விரிந்து, வெளியே இழுக்கும்போது சுருண்டு திரவத்தைச் சிறைபிடிக்கிறது.

ஜூன் சோர்வும் குளிர்காலமும்

மேயில் கூட்டமாக வந்தவை ஜூனில் மறைந்துவிட்டால் கவலை வேண்டாம். பெண்கள் அடைகாக்கின்றன, பூவும் பூச்சியும் எங்கும் கிடைக்கின்றன. தண்ணீரின் அளவைக் குறைத்து, மாற்றுவதை மட்டும் தொடருங்கள். ஜூலை பிற்பாதியில் குஞ்சுகளோடு திரும்பும். தெற்கே போகும் பயணக்காரர்களும் சேரும்போது ஆகஸ்ட், செப்டம்பரில் ஃபீடரில் தண்ணீர் நிற்காது.

மேற்குக் கரையில் குளிர்காலத்தில் ஆன்னாஸுக்கு மாட்டுகிறவர்களுக்கு உறைபனிதான் பிரச்சினை. ஒன்றுக்கு நாலு கரைசல் தண்ணீரைவிட ஒரு டிகிரி செல்சியஸுக்குச் சற்றே கூடுதலாகக் குளிர்ந்தால் உறைந்துவிடும், சர்க்கரையைக் கூட்டினாலும் பெரிதாக மாறாது. இரவில் உள்ளே எடுத்து வைத்து, விடிவதற்கு முன்பே திரும்ப மாட்டுங்கள். இரவு முழுக்க உடல் வெப்பத்தைக் குறைத்து அசையாமல் கிடந்த குருவி, விடிந்ததும் முதலில் தேடுவது அதைத்தான். பகலிலும் உறைந்தால் பழைய மாதிரி இழை பல்பு ஒன்றை ஃபீடருக்கு அடியில் பொருத்தலாம். எல்இடி பல்பு போதிய சூடு தராது. விடிகாலையில் கிளையில் தலைகீழாகத் தொங்கும் குருவியைப் பார்த்துச் செத்துவிட்டது என்று கைவைக்காதீர்கள், வெயில் ஏறினால் பெரும்பாலும் தானே எழுந்து பறக்கும்.

கிழக்கில் ஃபீடரைத் தொங்கவிட்டால் குருவி வலசை போகாமல் தங்கிச் செத்துவிடும் என்பது வெறும் பேச்சு. பகல் குறைவதைப் பார்த்துத்தான் அது கிளம்புகிறது. கடைசிக் குருவியைப் பார்த்து இரண்டு வாரம் ஆனபின் கழற்றுங்கள். அக்டோபர் பாதிக்குப் பிறகும் நியூ ஜெர்சியிலோ வர்ஜீனியாவிலோ ஒன்று வந்தால், அது ரூபி-த்ரோட்டட்தான் என்று நினைத்துவிட வேண்டாம். மேற்கிலிருந்து வழிமாறி வந்த ரூஃபஸாக இருக்க வாய்ப்பு அதிகம். விலாப்புறத்தில் துருநிறம் தெரிகிறதா என்று பாருங்கள், வால் விரியும் நேரத்தில் ஒரு படம் எடுங்கள், ஈபேர்டு என்ற பறவைப் பதிவுத் தளத்தில் பதிவு செய்யுங்கள். உங்கள் மாநிலத்தில் வளையமிடும் உரிமம் பெற்றவர் இருந்தால் சேதி தெரிந்து நேரில் வந்து, பிடித்து, அளந்து, காலில் வளையம் மாட்டி விடுவதுண்டு. அதுவரை தண்ணீரை மாற்றிக்கொண்டிருங்கள்.